பர்மிஷன் பரமசிவம்

பரமசிவத்திடம் ஸ்டீம் டெக் இருக்கிறது. விளையாடுகிறாரா என்று கேட்காதீர்கள். அவர் மனைவியே கேட்பதை விட்டுவிட்டார். வால்வ் நிறுவனம் 2022-இல் கொண்டுவந்த அந்தக் கையடக்க கேம் கருவியை, அமெரிக்காவிலிருந்து வந்த மைத்துனரிடம் சொல்லி வாங்கினார். அதிலும் விலை குறைந்த 64 ஜிபி மாடல். பெட்டியைப் பிரித்த கையோடு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து டெஸ்க்டாப்புக்குப் போனவர்தான், கேம் பக்கம் இன்னும் திரும்பவில்லை.

இந்த ரகத்தினர் லினக்ஸ் உள்ள ஊரிலெல்லாம் இருக்கிறார்கள். டெக்கில் ஓடும் லினக்ஸ் வகையான ஸ்டீம்ஓஎஸ்ஸின் சிஸ்டம் பகுதி பூட்டியே வரும். பூட்டைத் திறந்து பேக்மேன் என்ற நிறுவல் கட்டளை வழியாக எதையாவது நிறுவினாலும், பெரிய அப்டேட் ஒன்று வந்தால் வழித்துக்கொண்டு போய்விடும். ஆகவே வெளிச் செயலிகளுக்கு ஃப்ளாட்பேக் என்ற பொட்டல முறைதான் கதி. டிஸ்கவர் என்ற செயலிக் கடையைத் திறந்து தேடினால் ஃப்ளாட்ஹப் என்ற கிடங்கிலிருந்து இறங்கும். ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் அடைபட்டு ஓடும். மற்றவர்கள் நிறுவுவார்கள், ஓடுகிறதா என்று பார்ப்பார்கள், விளையாடப் போய்விடுவார்கள். பரமசிவம், யாருக்கு என்ன அனுமதி என்று காட்டும் ஃப்ளாட்சீலை நிறுவினார். அன்று அவருக்குள் ஒரு ஹவுஸ் ஓனர் பிறந்தார்.

"படம் பாக்குற ஆப் நீ, உனக்கு எதுக்கு நெட்வொர்க்?" ஆஃப். "ஹோம் ஃபோல்டர் முழுசும் வேணுமாம்ல! டவுன்லோட்ஸ் மட்டும் வெச்சுக்கோ. அதுவும் பாக்கலாம், எழுதக் கூடாது." சொன்னபடியே தட்டச்சு செய்தார். பழைய கேம்களை ஓட்டும் ஓர் எமுலேட்டருக்கு எஸ்டி கார்டையே மறைத்துவிட்டு, கேம் ஒன்றும் தெரியவில்லையே என்று அரை நாள் அந்த எமுலேட்டரைத் திட்டித் தீர்த்தார்.

அரட்டைச் செயலியான டிஸ்கார்டு வந்தபோதுதான் வினை. தன் வீட்டுப் பேச்சை ஒரு செயலி ஒட்டுக்கேட்பதா என்று மைக்கை அடைக்கப் பார்த்தார். ஆனால் அங்கே மைக்குக்குத் தனி சுவிட்ச் கிடையாது. மைக்கும் ஸ்பீக்கரும் பல்ஸ்ஆடியோ என்ற ஒரே சுவிட்சில் தொங்குகின்றன. அணைத்தார். நண்பர் அழைத்தார். இவர் பேசியது அவருக்குக் கேட்கவில்லை, அவர் கத்தியது இவருக்குக் கேட்கவில்லை. கடைசியில் நண்பர் போனில் கூப்பிட்டு, "என்னப்பா, உசிரோட இருக்கியா?" என்றார். "செக்யூரிட்டி டைட் பண்ணியிருக்கேன்" என்று பரமசிவம் பெருமையாகச் சொன்னார்.

இடப் பஞ்சம் தனிக் கதை. தம்மாத்துண்டு கால்குலேட்டரை இறக்கினால், அது தன் கூட்டுக் குடும்பத்தையே கூட்டி வந்ததுபோல் நூற்றுக்கணக்கான எம்பியில், ஓடத் தேவையான அடித்தளமாக ஒரு ரன்டைம் கூடவே இறங்கும். அதே ரன்டைமை அடுத்து வரும் செயலியும் பகிர்ந்துகொள்ளும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடுத்து வருகிறவர் போன வருஷத்து வெர்ஷன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார், அதுவும் இறங்கும். செயலியைக் காலி செய்தாலும் அது சேர்த்துவைத்த சாமான்கள் வீட்டு ஃபோல்டரில் ஒளிந்திருக்கும் 'வார்' என்ற மூலையில் அப்படியே கிடக்கும். டேட்டாவையும் சேர்த்து அழி என்று நாம் சொன்னால்தான் போகும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காபி ஆனதும் டெர்மினலைத் திறந்து, யாருக்கும் பயன்படாத ரன்டைம்களை வெளியேற்றும் கட்டளையை அடிப்பார். இரண்டு ஜிபி மிச்சமானால் அன்று வீட்டில் எல்லோரிடமும் சிரித்த முகம். 'நீக்க எதுவுமில்லை' என்று பதில் வந்தால் முகம் சுருங்கிவிடும். உடனே டிஸ்கவருக்குப் போய் நாலு புதுச் செயலிகளை இறக்குவார். அடுத்த வாரத்துக்கு வேலை வேண்டுமே. மிச்சமான இடத்தில் கேம் ஒன்றை ஏற்றலாமே என்று நாம் சொன்னால், "இருங்க, முதல்ல சிஸ்டம் செட் ஆகட்டும்" என்பார்.

விடுமுறைக்கு அக்கா மகன் வந்தான். டெக்கை எடுத்தான், கேமிங் மோடுக்குப் போனான், ஸ்டீமில் இருந்த ஒரு கேமை இறக்கி ஓட்ட ஆரம்பித்துவிட்டான். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பரமசிவம் பின்னால் வந்து நின்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"டேய், இந்த கேமும் ஒரு கன்டெய்னருக்குள்ளதான் ஓடுது, தெரியுமா? பபுள்ராப்புனு ஒண்ணு. ஃப்ளாட்பேக்குக்கும் அடியில அதேதான்..."

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஸ்கிரீன்ல உங்க மூஞ்சிதான் தெரியுது."