ராஜாவா, தோட்டக்காரரா?

கேள்வி: பூமியை ஆளும் அதிகாரத்தை மனிதனுக்குக் கொடுத்ததே பைபிள்தானே? அதில் போய்ச் சுற்றுச்சூழல் பாடம் தேடலாமா?

பதில்: பைபிளை முதல் அதிகாரத்தோடு மூடி வைத்துவிட்டால் அப்படித்தான் தோன்றும். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்திலேயே ஆதாமுக்கு வேலை கொடுத்தாயிற்று: தோட்டத்தைப் பண்படுத்த வேண்டும், காக்க வேண்டும். ராஜாவுக்குக் கிடைத்தது தோட்டக்கார உத்தியோகம்!

பைபிளின் இன்னொரு புத்தகமான உபாகமத்தின் 20-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். படை ஒரு நகரத்தை நாள்கணக்கில் முற்றுகையிட்டு நிற்கிறது. கையில் கோடரி, கொத்தளம் கட்ட மரம் வேண்டும். அப்போதும் பழமரத்தைத் தொடக்கூடாது. காய்த்துப் பசியாற்றாத மரத்தைத்தான் வெட்டலாம். எதிரி ஊர் மரமாகவே இருக்கட்டும், மரத்தோடு என்ன பகை? யூத அறிஞர்கள் இந்த ஒரு விதியிலிருந்து ‘வீணாக்காதே’ என்ற பெரிய நெறியையே வளர்த்தெடுத்தார்கள். விளக்கு தேவைக்கு மேல் வேகமாக எரிந்து எண்ணெய் தீரும்படி விடுவதும் தவறு என்கிறது யூதச் சட்ட விளக்க நூலான தால்முத். 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ், நீரூற்றை அடைப்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார். குஞ்சுகளோடு தாய்ப்பறவையையும் பிடிக்காதே என்று உபாகமத்திலேயே தனிச் சட்டமும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது லேவியராகமம் 25. ஏழாம் ஆண்டு நிலத்துக்கு விடுமுறை. விதைப்பு இல்லை, அறுவடை இல்லை. தானாக விளைந்ததை ஏழைகள் சாப்பிடலாம்; மிச்சம் காட்டு விலங்குகளுக்கு என்கிறது யாத்திராகமம் 23. அப்படியொரு ஏழாம் ஆண்டான 2021–22-இலும் இஸ்ரேலில் இதைக் கடைப்பிடித்த விவசாயிகள் இருந்தார்கள். அந்த ஓய்வைக் கொடுக்காமல் ஏய்த்தால்? மக்கள் பாபிலோனில் சிறையிருந்த 70 ஆண்டுகளில் நிலம் தன் பாக்கி ஓய்வையெல்லாம் எடுத்துக்கொண்டது என்று கணக்கை நேர்செய்கிறது இரண்டாம் நாளாகமம்.