நிலைமுனையும் வருமுனையும்: காற்றுக்குழாய்ப் புணரியல் பற்றி ஓர் ஆராய்ச்சி

நம் இலக்கணிகள் சொல்லும் சொல்லும் சேர்வதற்கு விதி வகுத்தார்கள். ஏர்சாஃப்ட் துப்பாக்கியும் காற்றுக்குழாயும் சேர்வதற்கு ஒரு நூற்பாகூட எழுதிவைக்கவில்லை. இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டிருப்பவர்கள் பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமைதோறும் உருமறைப்புச் சட்டை மாட்டிக்கொண்டு, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் வளர்ந்த மனிதர்கள். குண்டின் ஆற்றலுக்கு அந்நாட்டில் சட்டம் உண்டு: 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி தானியங்கித் துப்பாக்கிக்கு 1.3 ஜூல், ஒற்றைச் சூட்டுக்கு 2.5 ஜூல். கனெக்டர் மாட்டுவதற்கு மட்டும் சட்டமும் இல்லை, இலக்கணமும் இல்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இந்நூல் என்க.

ஆட்டக்காரர் முதுகில் சுமக்கும் சிலிண்டரில் காற்று 3000 அல்லது 4500 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கும். ஒரு ரெகுலேட்டர் அதன் கொட்டத்தைப் பாதி அடக்க, இன்னொன்று மீதியை அடக்கி, 100 பிஎஸ்ஐ சுற்றுவட்டாரத்துக்கு இறக்கி அனுப்பும். பின்னலுறை போட்ட ஹோஸ் வழியே வரும் இந்தச் சாதுவான காற்று, துப்பாக்கியைச் சந்திக்கும் இடத்தில் இருப்பதே குயிக் ரிலீஸ் கனெக்டர். ஹோஸின் சாக்கெட்டை நிலைமுனை என்றும், துப்பாக்கிப் பிடியில் துருத்தி நிற்கும் பிளக்கை வருமுனை என்றும் கொள்க. கடைக்காரர்கள் பெண், ஆண் என்பார்கள். தலைப்பில் ஏற்கெனவே புணரியல் இருப்பதால் அந்தக் கலைச்சொற்களை ஆய்வு நாகரிகம் கருதித் தவிர்க்கிறேன்.

நிலைமுனையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உட்சுவரில் கடுகளவு எஃகுக் குண்டுகள் வட்டமாக உட்கார்ந்திருக்கும். வெளிக்காலரைப் பின்னே இழுத்தால் அவை ஒதுங்கி வழிவிடும். பிளக் நுழைந்ததும் ஸ்பிரிங் காலரை முன்னே தள்ள, குண்டுகள் பிளக்கின் கழுத்துப் பள்ளத்தில் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். பிளக்கின் மூக்கு உள்ளேயிருக்கும் வால்வைத் தள்ளிக் காற்றைத் திறந்துவிடும். மாட்டும்போது ‘டக்’, கழற்றும்போது ‘டப்’. இந்த ‘டப்’ வீணோசை அன்று. வருமுனைக்கு வால்வு கிடையாது. ஆகவே துப்பாக்கிக்குள் மிஞ்சிய காற்று கழற்றிய கணமே வெளியேறிவிடுகிறது. இடம் மாற்றி மாட்டிய புரட்சிக்காரருக்கு என்ன ஆகும்? கழற்றியதும் ஹோஸ் சீறிக்கொண்டு சுழலும். துப்பாக்கியோ உள்ளே காற்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கடைசியாக ஒரு குண்டைச் சுடக் காத்திருக்கும். வால்வு எப்போதும் காற்று வரும் பக்கத்தில் என்பது தலையாய விதி.

இனி விகாரம். நன்னூலார் சொன்ன தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் இங்கும் அப்படியே பொருந்துவது அவருடைய தீர்க்கதரிசனம். தோன்றலாவது டெஃப்லான் டேப். பிளக்கைத் துப்பாக்கியில் திருகிப் பொருத்தும் மரையின் முனையை முகத்துக்கு நேரே பிடித்து, கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்க முறுக்க அவிழும். முதல் பல்லை வெறுமனே விட வேண்டும், இல்லையேல் டேப்பின் பிசிறு உள்ளே போய்ச் சோலினாய்டு வால்வில் சிக்கும். இதை ஏற்காத பசைவாதிகள் ஒரு தனிப்பள்ளி. நாடாவாதிகளும் அவர்களும் ஒருவர் வீட்டுக் கசிவை ஒருவர் சோப்புத் தண்ணீரால் நிரூபித்துக் காலம் கழிக்கிறார்கள்.

திரிதல் என்பது முறுக்குதல். கையால் இறுகியபின் ஸ்பேனரால் ஒன்றரை முதல் இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றுக்கு ஆசைப்பட்டால் அலுமினியம் விரிசல்விடும்.

கெடுதலுக்குத்தான் வரலாறு தேவை. 1841இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்துப் பட்டறைகளின் திருகுகளைத் திரட்டி, அவற்றின் கோணங்களுக்குச் சராசரி கண்டு, 55 பாகை என்று வரையறுத்தார். பிற்பாடு அறுகோணக் குழல் வைத்த துப்பாக்கி செய்தவரும் இவரே என்பதால், நம் ஆய்வுக்கு அவர் அந்நியர் அல்லர். 1864இல் ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் செல்லர்ஸ், கடைவதற்கு எளிது என்று 60 பாகையை முன்மொழிந்தார். குழாய் மரைகளும் அவ்வழியே பிரிந்தன. எட்டில் ஒரு அங்குல பிரிட்டிஷ் பிஎஸ்பி மரைக்கு அங்குலத்துக்கு 28 பல், அமெரிக்க என்பிடிக்கு 27. இரண்டிலும் எதை அளந்தாலும் எட்டில் ஒரு அங்குலம் வராது. வெளிவிட்டம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். இந்தப் பெயர் எந்த அளவையும் குறிக்காத இடுகுறிப் பெயர் என்று விட்டுவிடுவதே மனநிம்மதிக்கு நல்லது.

ஏர்சாஃப்ட் பாகங்களில் பெரும்பாலும் இருப்பது என்பிடி. பிரிட்டிஷ் கடையில் சுலபமாகக் கிடைப்பது பிஎஸ்பி. ஒன்றை மற்றொன்றில் போட்டால் முதலிரண்டு சுற்று நண்பர்கள்போலப் போகும். சுற்றுக்கு 0.03 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். மூன்றாம் சுற்றில் அது பத்தில் ஒரு மில்லிமீட்டராகி, மரை பிடிக்கும். “டேப் போதவில்லை” என்று இன்னும் நாலு சுற்று சுற்றுபவரும், பெரிய ஸ்பேனர் தேடுபவரும் இந்தக் கட்டத்தில்தான் தோன்றுகிறார்கள். அதற்குப்பின் துப்பாக்கிக்கு மரை கழன்றுவிடும்; உரியவருக்கு அது முன்பே கழன்றிருக்கலாம் என்பது அவர் மனைவியின் பாடபேதம்.

விரல்நுனியில் நொடியில் கழலும் பொருளை மாட்ட ஒரு மாலைப்பொழுது வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபு. கனெக்டர் வாங்கப் போகும்போது பழைய முனையைக் கையோடு எடுத்துப் போங்கள். 27 பல்லா, 28 பல்லா என்று கேளுங்கள். “எட்டில் ஒன்றுதானே, எல்லாம் ஒன்றுதான்” என்று கடைக்காரர் சொன்னால், வேறு கடை பாருங்கள்.