டாக்டரா, மூட்டு என்ஜினியரா?

கேள்வி: மகள் பயோமெடிக்கல் என்ஜினியரிங் படித்து, செயற்கை மூட்டுத் துறைக்குப் போகிறாளாம். "அதற்கு டாக்டராகவே ஆகிவிடலாமே" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உங்கள் கருத்து?
– ஒரு தாய், செராஸ்

பதில்: பத்துமலையின் 272 படிகளில் பாதி ஏறி மூட்டு வலிக்கும்வரை சொந்தக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள்!

டாக்டர் மட்டும் போதாது என்பதற்கு ஒரு கதை. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் டாக்டர் ஜான் சார்ன்லி பொருத்திய டெஃப்லான் இடுப்பு மூட்டுக் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோயின. 1962-இல் விற்பனையாளர் ஒருவர் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தார். டாக்டர் நகத்தால் அழுத்திப் பார்த்து, ஆகாது என்று ஒதுக்கிவிட்டார். டாக்டரின் பட்டறையில் இருந்த தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் விடவில்லை. தேய்மான இயந்திரத்தில் மாட்டி ஓட்டினார். அது தேய மறுத்தது. டாக்டரும் மனம் மாறினார் (பெரிய மனிதர்!). இன்றைய மூட்டுகள் பெரும்பாலானவற்றில் இருப்பது அதே பிளாஸ்டிக்கின் வாரிசுதான்.

இப்போது ஒரு மூட்டை ஆய்வுக்கூடத்தில் 50 லட்சம் தடவை நடக்கவிட்டுத்தான் சோதிக்கிறார்கள். இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதம் ஆகும். மகளுக்குப் பொறுமை உண்டா என்று மட்டும் பாருங்கள். படிக்கக் கடல் தாண்ட வேண்டாம். மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே இந்தத் துறை இருக்கிறது. தாராளமாக அனுப்புங்கள், அம்மா.