பெரியவர்கள் மட்டும்

“லோக்கல் ஐடி அலவ்ட் இல்ல சார்” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான் ரிசப்ஷன் பையன். ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஹோட்டல், பெயர் வேண்டாம். இன்னும் எரிகிறது எனக்கு. முதலில் பையன் தேன் மாதிரிதான் பேசினான். “சில்ட்ரன் எத்தனை பேர் சார்?” என்று கேட்டான். யாரும் இல்லை, பெரியவர்கள் மட்டும்தான் என்றேன். அங்கேதான் குரல் மாறியது. நானும் என் மனைவியும், சகலையும் மச்சினியும், ஆக நாலு பேருக்கும் முட்டிவலி. ஆதாரில் திருவல்லிக்கேணி என்று இருந்தால் நாங்கள் என்ன செய்துவிடுவோம் என்று பயப்படுகிறார்களோ தெரியவில்லை.

வெளிநாட்டில் ‘அடல்ட்ஸ் ஒன்லி’ என்று பலகை வைத்தால் குழந்தை அழாத இடம் என்று அர்த்தம். காசு கூடக் கொடுத்துப் போகிறார்கள். நம் ஊரில் சென்சார் போர்டு கொடுக்கும் ‘ஏ’ சர்டிபிகேட்டைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. இதில் கொடுமை என்னவென்றால், பெரியவர்கள் மட்டும் தங்கும் இடத்தை எங்கள் பேட்டைதான் தலைமுறை தலைமுறையாக நடத்திக்கொண்டிருக்கிறது. மேன்ஷன் என்று பெயர். குழந்தை கிடையாது, பெண்கள் கிடையாது, சில அறைகளில் ஜன்னலும் கிடையாது. பெல்ஸ் ரோட்டிலும் பெரிய தெருவிலும் மாடிப்படி ஏறிய எத்தனையோ பேர் பிற்பாடு பெரிய ஆளாகியிருக்கிறார்கள். அவர்களை யாரும் லோக்கலா என்று கேட்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகன் வழி சொன்னான். “என் ஆதார்ல புக் பண்ணுங்கப்பா, நாங்களும் வந்துடறோம்.” நாங்களும் என்றால் ஐந்து வயதும் மூன்று வயதும் சேர்ந்து. அதற்கப்புறம் என்ன பெரியவர்கள் மட்டும்?

குழந்தைகளோடு போனதெல்லாம் போதும். ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. சிலை மனிதரைச் சிரிக்கவைக்க என் மகன் ஆடிய ஆட்டத்தில் அவர் சிரிக்கவில்லை, நான் அழுதுவிட்டேன். தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா, முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., எல்லா இடத்திலும் நம் வேலை செருப்பையும் எலுமிச்சை சாதப் பையையும் காவல் காப்பதுதான். கிஷ்கிந்தாவை ஆரம்பித்தவர் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த நவோதயா அப்பச்சன். 1984-இல் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த 3டி படத்தைப் பார்த்தபோது ஐஸ்கிரீம் என் கைக்கு வந்ததோடு சரி, பிறகு எந்தப் பார்க்கிலும் வரவில்லை. எல்லாம் பிள்ளைகளுக்குப் போய்விட்டது.

ஆகவே 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா திறந்ததும், சகலை குடும்ப குரூப்பில் போட்டார்: “இந்தத் தடவை நாம மட்டும்.” வி-கார்டு ஸ்டெபிலைசர் விற்று நாட்டின் வோல்டேஜை ஆடாமல் வைத்த சிட்டிலப்பிள்ளி குடும்பம்தான், 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட் திறந்து ஆட்களை ஆட்டிவைக்க ஆரம்பித்தது. பெங்களூர் பிடதியில் பார்க்கை ஒட்டியே அவர்களுடைய ரிசார்ட் இருக்கிறது. இங்கே நாமேதான் தேடியாக வேண்டும்.

சகலை ரிட்டயர்டு அக்கவுண்ட்ஸ் ஆபீசர். அறைக்கு ஏ.சி. இருக்கிறதா என்று பார்க்கும் முன் ஜி.எஸ்.டி. பார்ப்பார். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அதனால் 7,500-க்கு மேல் உள்ள ஹோட்டல்கள் எல்லாம் அவர் கண்ணுக்கே தெரிவதில்லை. கோவளத்தில் கடலைப் பார்த்த அறைகள் அத்தனையும் அப்படித்தான் போயின.

இருக்கட்டும். என் வழக்கு வேறு. செக்-இன் மதியம் 2 மணி, செக்-அவுட் காலை 11. ஒரு நாள் வாடகை வாங்கிக்கொண்டு 21 மணி நேரம் கொடுக்கிறார்கள், நாமும் ‘தேங்க்யூ’ சொல்லிவிட்டு வருகிறோம். கோயில் ஊர் லாட்ஜ்களில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு சாவி கொடுத்தார்களே, அது என்ன ஆயிற்று? பெருக்கித் துடைக்க வேண்டாமா என்கிறாள் மனைவி. துடைக்க மூன்று மணி நேரமா? எங்கள் வீட்டில் இருபது நிமிஷத்தில் மொத்த வீடும் முடிகிறது, மூலையைத் தவிர. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு அறை இருந்தால் தினம் 300 மணி நேரம் மிச்சம், அதாவது பன்னிரண்டரை நாள். ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரை நாள்! வருஷத்துக்கு 4,562 நாள். ஒரே ஹோட்டல் ஒரு வருஷத்தில் நம்மிடமிருந்து பன்னிரண்டரை வருஷத்தை எடுத்துக்கொள்கிறது. ராமர் காட்டில் கழித்ததே பதினாலுதான்.

இன்னும் இருக்கிறது. பார்க் 11 மணி வாக்கில் திறந்து ஆறு மணி வாக்கில் மூடுகிறது. அறை கிடைக்கிற இரண்டு மணிக்கு நாம் தண்ணீரில் இருப்போம். நனைந்த துணியோடு ஏழு மணிக்கு அறைக்கு வந்தால் ஐந்து மணி நேரம் போச்சு. மிச்சம் பதினாறு. 6,000 ரூபாய் அறை என்றால் மணிக்கு 375. எட்டு மணி நேரத் தூக்கம் 3,000 ரூபாய். சகலை குறட்டை அடுத்த அறைக்கும் கேட்கும், ஆகவே நான் தூங்கப்போவதில்லை. விழித்திருப்பதற்கு 3,000 ரூபாய்! இதை குரூப்பில் விளக்கமாக எழுதினேன். மச்சினி கும்பிடு எமோஜி போட்டாள். அது பாராட்டா, போதுமா என்றா, இன்றுவரை தெரியவில்லை.

இவ்வளவு பாடுபட்டு அங்கே போய் எதில் ஏறப்போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. தஞ்சோரா என்று ஒன்று, தண்டவாளத்துக்குக் கீழே காலைத் தொங்கவிட்டு மனிதனைத் தலைகீழாகச் சுழற்றுகிறது. இந்த மாதிரி ராட்டினங்கள் முன்னால் எல்லாப் பார்க்கிலும் ஒரு பலகை நிற்கும்: ரத்த அழுத்தம், இதய நோய், முதுகுவலி, கழுத்துவலி இருப்பவர்கள் ஏறக்கூடாது. அதாவது பெரியவர்கள் ஏறக்கூடாது. தண்ணீர்ப் பக்கம் போனால் பருத்தித் துணி கூடாது, நைலான் வேண்டும். நாற்பது வருஷமாகக் கைத்தறிப் புடவையைத் தவிர வேறு உடுத்தாத என் மனைவி, கடையில் அந்த நைலான் உடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதை நீங்களே போட்டுக்கோங்க” என்றாள்.

அவளிடம் யோசனை ஒன்று இருந்தது. “காலையில ரத்னா கஃபேல இட்லி சாம்பார் சாப்பிட்டுட்டு கார்ல போவோம். ராத்திரி வந்து நம்ம கட்டில்ல படுத்துக்கலாம். செக்-அவுட்டும் கிடையாது, ஜி.எஸ்.டி.யும் கிடையாது.”

சகலை ஒத்துக்கொள்ளவில்லை. “அப்புறம் அது ட்ரிப்பா? மாஸ்டர் செக்கப்புக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும்” என்கிறார். மாமல்லபுரத்தில் புதிதாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம், 7,499 ரூபாய். தோசை கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வருமா, இல்லை மூடி போட்டு வைத்ததா என்பதை மட்டும் என்னை போன் பண்ணிக் கேட்டுவைக்கச் சொல்லியிருக்கிறார்.