அண்ணாச்சி எப்போதும் ராஜாதான்

கிரீடம் தலையில் ஏறிவிட்டால் அண்ணாச்சி சிரிக்கமாட்டார். அதுவரைக்கும் வேனில் முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரை ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட்டை ஓட விட்டு, பழைய பாட்டுப் பாடி, டிரைவரைக் கண்ணசர விடாமல் பேசிக்கொண்டு வந்த அதே மனிதர்தான். வெல்வெட் அங்கிக்குள் கையை நுழைத்ததும் உதடு இறுகிவிடும். ஒரு புருவம் மேலே போகும். "அங்கிள், கொஞ்சம் சிரிங்க" என்று போட்டோக்காரப் பையன் எந்த மொழியில் கெஞ்சினாலும் பலிக்காது. எந்த ராஜா பல்லைக் காட்டிக்கொண்டு படத்துக்கு நின்றிருக்கிறான், ஒருத்தனைக் காட்டு என்பார். காட்ட நமக்கும் ஆள் கிடைப்பதில்லை.

கண்ணாடியையும் கழற்றி என் கையில் கொடுத்துவிடுவார். கழற்றினால் கேமரா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. குரல் வந்த திசையைக் குத்துமதிப்பாகப் பார்ப்பார். படத்தில் அது எதிரி நாட்டு எல்லையை அளக்கிற பார்வையாக விழுந்துவிடுகிறது. அதைப் பார்த்துத்தான் சொந்தக்காரர்கள் "என்ன கம்பீரம்!" என்கிறார்கள். மைனஸ் நாலு பவர் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் காஞ்சிரங்குளத்தில் இவர் அண்ணாச்சி. இதே ரகத்தில் பாறசாலைப் பக்கம் ஒரு சித்தப்பா இருக்கிறார், நெய்யாற்றின்கரையில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். எந்த ஊருக்கு டூர் போனாலும் வண்டியிலிருந்து இறங்கியதும் மற்றவர்கள் பாத்ரூம் எங்கே என்று தேடுவார்கள். இவர்கள் டிரெஸ் வாடகைக்குக் கொடுக்கிறவன் எங்கே நிற்கிறான் என்று தேடுவார்கள். ஜெய்ப்பூரில் ஆமேர் கோட்டையைப் பார்க்கப் போனோம் என்பது பேச்சுக்குத்தான். ராஜா மான்சிங் 1592-ல் கட்டத் தொடங்கிய கோட்டை என்று கைடு சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் ராஜா வாசலிலேயே தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். காஷ்மீரில் தால் ஏரிக்கரையில் எல்லாருக்கும் பெரன் அங்கியை மாட்டிப் படம் எடுக்கிறார்கள். "இது குளிருக்குப் போடுற உடுப்புல்லா, ராஜா உடுப்பா?" என்று அண்ணாச்சி முகம் சுளித்தார். கடைசியில் போட்டோக்காரன் எங்கிருந்தோ ஒரு வாளைத் தேடிக் கொண்டுவந்த பிறகுதான் ஷிகாராவில் ஏறினார். மூணாறில் தேயிலைக் கூடையைப் பெண்கள் முதுகில் மாட்டிப் படம் எடுப்பது வழக்கம். ஆண்களுக்கு அங்கே ராஜா வேஷம் கிடைக்காது. அண்ணாச்சி ஒரு தொப்பியை இரவல் வாங்கி எஸ்டேட் துரையாக நின்றார். சித்தி கூடையோடு குனிந்து நின்றாள். எங்கே போனாலும் அந்த இடத்தில் கிடைக்கிற மிகப் பெரிய பதவி எதுவோ, அது அவருக்கு.

பதவி அவருக்கு என்றால் மிச்சம் யாருக்கு? எனக்குத்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ராஜா தனியாக நிற்கக்கூடாது என்பது அண்ணாச்சியின் இன்னொரு கொள்கை. முப்பது வருஷம் ஆனவண்டியில், அதாவது கேரள அரசு பஸ்ஸில், கண்டக்டராக இருந்தவர். ஆட்களை அடுக்குவது அவருக்குக் கைவந்த கலை. "முன்னோட்டு நீங்கி நில்லு… அந்தப் பிள்ளை உள்ள போகட்டு… படியில யாரும் நிக்காத" என்று அந்தக் கால ராகம் மாறாமல் எங்களை நிறுத்துவார். மைத்துனர் இடப்பக்கம், சாமரம். அவர் மகன் வலப்பக்கம், ஈட்டி. பெண்கள் கீழே உட்கார வேண்டும். நான் பின்னால், முத்துக்குடையோடு. "மக்களே, கொடைய இன்னும் பொக்கிப் பிடி. என் மூஞ்சியில நிழலு விழுது." நிழலுக்குத்தானே அண்ணாச்சி குடை என்று கேட்டால், அது வெயிலுக்குப் பிடிக்கிற குடை இல்லை, மரியாதைக்குப் பிடிக்கிறது என்பார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வாடகைக் கடையில் ராஜா உடுப்பு இருக்கும், ராணி உடுப்பு இருக்கும். படைவீரன் உடுப்பு இருக்காது. குடை பிடிப்பவன் உடுப்பைக் காசு கொடுத்து வாடகைக்கு எடுக்க உலகத்தில் ஆள் கிடையாது என்று கடைக்காரனுக்குத் தெரியும். ஆகவே வம்சவம்சமாக ஆண்ட மாமன்னர் முன்னால் நிற்க, அவருக்குப் பின்னால் நான் அர்ஜென்டினா ஜெர்சியில் குடையோடு நிற்கிறேன். எங்கள் வீட்டு ஆல்பத்தில் ராஜஸ்தானிலும் மெஸ்ஸி, மைசூரிலும் மெஸ்ஸி.

பின்னால் நிற்பவனுக்கு ஒரு சலுகை, உண்மை தெரியும். அந்த வெல்வெட் அங்கி முன்பக்கம் மட்டும்தான். ஆயிரம் பேர் போட்டுக் கழற்ற வேண்டுமே, பின்பக்கத்தைத் திறந்துவிட்டு நாலு நாடா வைத்துத் தைத்திருப்பான். நாடாவுக்கு நடுவே கட்டம் போட்ட சட்டை, வியர்வைத் திட்டு, பேண்ட் பாக்கெட்டில் பிதுங்குகிற பர்ஸ். கிரீடத்துக்கு உள்ளே ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். அதில் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கடுகெண்ணெய் மூன்றும் ஊறி, பாரதத்தின் ஒருமைப்பாடு மணக்கும். வாள் தகரம். அதை அவர் உறையிலிருந்து உருவும்போது டிபன் பாக்ஸ் திறக்கிற சத்தம் வரும். இடது கையில் வாட்ச் மின்னும். காலில் ரப்பர் செருப்பு. "கால் படத்துல விழாது" என்று போட்டோக்காரன் சத்தியம் செய்வான். விழாமல் இருந்ததே இல்லை.

உச்சக்கட்டம் பத்மநாபபுரத்தில் நடந்தது. தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த அரண்மனை 1956-லிருந்து தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, பராமரிப்பது கேரள அரசு. எங்களைப் போல எல்லைக்காரர்களுக்கு அதுவும் ஒரு சொந்தக்காரர் வீடு மாதிரிதான். உள்ளே, குளச்சல் போருக்குப் பிறகு டச்சுத் தளபதி டி லனாய் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா முன்னால் பணிகிற ஓவியம் இருக்கிறது. போர் நடந்தது 1741-ல். தோற்ற டி லனாயே பிறகு திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்து, 1777-ல் இறந்து, பக்கத்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகிக் கிடக்கிறார். கல்லறையில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. இத்தனை சரித்திரத்திலிருந்தும் அண்ணாச்சி எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: ராஜா முன்னால் ஒருத்தன் பணிய வேண்டும்.

நாடகக்காரர்களிடம் வாடகைக்கு எடுத்த உடுப்பை பேக்கில் திணித்துக்கொண்டு வந்திருந்தார். அரண்மனைக்கு வெளியே, ரோட்டோரம், இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் சபை கூடியது. டி லனாய் யார்? என்னைப் பார்த்தார். "நீதானே கொஞ்சம் வெளுப்பு." அர்ஜென்டினா ஜெர்சியில் ஒரு டச்சுத் தளபதி, தார் ரோட்டில் ஒரு முழங்காலை ஊன்றி, மடக்கிய குடையை வாளாக நீட்டினான். மதியம் ஒன்றரை மணி. "இன்னும் குனி மக்களே. தோத்தவன் மாதிரி இல்லியே." இளநீர்க்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலில் கொப்புளம் வந்தது. மறுவாரம் அந்தப் படத்துக்குக் குடும்பக் குழுவில் வந்த வாழ்த்துகளில் என் பெயர் எங்கும் இல்லை.

அண்ணாச்சியின் மகள் ஜெர்மனியில் நர்ஸ். அவளைப் பார்க்கப் போனவர், ஒரு நாள் ஹாலந்துக்கும் போய், ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே இருக்கிற வோலண்டாமில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். மீன்பிடி ஊர் அது. அந்தக் கால மீனவர் உடுப்பைப் போட்ட துணிமேலேயே மாட்டிவிட்டுப் படம் எடுத்துக் கொடுக்கிற ஸ்டுடியோக்கள் அங்கே பிரசித்தம். கறுப்புத் தொளதொள கால்சட்டை, மரச்செருப்பு, மடியில் அக்கார்டியன். நடு நாற்காலியில் அண்ணாச்சி, அதே இறுகிய உதட்டோடு. "டி லனாயோட ஊருக்காரன் உடுப்பு" என்று பெருமையாகக் காட்டினார். டி லனாய் பிறந்த ஊர் இன்றைக்கு பிரான்ஸில் இருக்கிறது என்றேன். காதில் விழவில்லை. எனக்கு வேறொன்று உறுத்தியது. எங்கள் ஊரிலிருந்து எட்டிப் பார்த்தால் புல்லுவிளை, பூவார். அசல் மீனவர்கள். மீன் வாங்கும்போது விலை பேசி அதட்டுவதைத் தவிர அண்ணாச்சி அவர்களோடு நின்று ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. ஹாலந்து மீனவன் என்றால் மட்டும் ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டலாம்.

கொரியாக்காரர்கள் மேல் அவருக்கு இப்போது தனி மதிப்பு. சியோலில் கியோங்பொக்குங் அரண்மனைக்கு ஹான்போக் உடுத்திப் போனால் நுழைவுக் கட்டணம் கிடையாது என்று மருமகன் சொல்லிவிட்டார். "வேஷம் போட்டவனுக்கு டிக்கட் இல்ல. அவன்லா மனுஷன்!" என்கிறார், முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர்.

இத்தனைக்கும் எங்கள் பக்கத்து ராஜாக்கள் வெல்வெட் ஆசாமிகள் இல்லை. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலில் அம்மச்சிப் பிலாவு என்று ஒரு பட்டுப்போன பலாமரத்தின் அடிப்பகுதியைக் காத்து வைத்திருக்கிறார்கள். எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில்தான் ஒளிந்தார் என்பது கதை. அவர் மாறுவேஷத்தில் அலைந்ததே ராஜா என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக. அதன் முன்னால் கிரீடத்தோடு நிற்க முடியுமா என்று அண்ணாச்சி விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "அண்ணாச்சி, பத்மநாபசாமி கோயில் ஆறாட்டுக்கு நம்ம ராஜகுடும்பத்துப் பெரியவர் எப்படிப் போறார்? சட்டைகூட இல்லாம, முண்டோட, கையில வாளோட, சங்குமுகம் கடற்கரைக்கு நடந்தே போறார். உங்களுக்கு மட்டும் எதுக்கு இந்தக் கம்பளி மூட்டை?"

அவர் யோசிக்கவே இல்லை. "அவரு சட்டை போடாமப் போனாலும் ராஜா. நான் சட்டை போடாமப் போனா யாரு?"

எனக்கு வாயடைத்துப்போயிற்று. எங்கள் மண்ணில் உடுப்பு சும்மா கிடைத்ததில்லை. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பொன் நகை அணியக்கூடாது என்று எங்கள் ஆட்களுக்குத் திருவிதாங்கூரில் விதி இருந்தது. நாடார் பெண்கள் தோளை மூடினால் சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள். மூடக்கூடாது என்று 1829-ல் ஓர் அரச உத்தரவு. கலகம் மூண்டு, வீடுகள் எரிந்து, சென்னை மாகாண கவர்னர் வரை விவகாரம் போன பிறகு 1859 ஜூலை 26-ல்தான் மூடலாம் என்று இன்னொரு உத்தரவு வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு வால். அண்ணாச்சியின் பாட்டிக்குப் பாட்டி அந்தக் காலத்து மனுஷி. அவளுடைய பேத்தியின் பேரன் மாமன்னராக நிற்கிறார் என்றால் நிற்கட்டும், நாலு நாடா கட்டிய வெல்வெட்டில் இன்னும் நூறு தடவை நிற்கட்டும். என் ஆட்சேபம் அதில் இல்லை. அதே பாட்டியின் இன்னொரு பேரன் நான். என்னை ஏன் எப்போதும் பின்னால் நிறுத்துகிறார்? குடைக்கே அனுமதி இல்லாத வம்சத்தில் பிறந்து, குடை கிடைத்த பிறகும் அதை இன்னொருத்தன் தலைக்கு மேல்தான் பிடிக்க வேண்டுமா?

மைசூருக்கு இரண்டாம் தடவை போனபோது இதை நேராகவே சொன்னேன். இந்தத் தடவை நான் ராஜா, நீங்க குடை. வேன் ஒரு நிமிஷம் அமைதியானது. "அதுக்கென்ன மக்களே, தாராளமா" என்றார், முகம் வாடாமல். எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. தன் கையாலேயே எனக்கு நாடா கட்டிவிட்டார். கிரீடத்துக்குள் கைக்குட்டையை மடித்து வைத்து, "எண்ணெய் படாது" என்றார். மோவாயை நிமிர்த்திவிட்டார். வாளை எந்தக் கோணத்தில் பிடித்தால் தகரம் தெரியாது என்று கற்றுக்கொடுத்தார். "சிரிக்கக்கூடாது, கேட்டியா" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். நான் மூச்சை இழுத்துப் பிடித்து, உதட்டை இறுக்கி, தொலைவில் இருந்த ஐஸ்கிரீம் வண்டியை எதிரி நாடாக நினைத்துப் பார்த்தேன்.

பிரிண்ட் கையில் வந்தது. முன்னால் நான், வெல்வெட்டில். பின்னால் என்னைவிட அரையடி உயரமாக, ஏதோ கல்மேல் ஏறி நின்றுகொண்டு, ஒரு புருவத்தைத் தூக்கியபடி அண்ணாச்சி. முத்துக்குடை அவர் தலைக்கு நேர் மேலே. பார்க்கிறவர்கள், ராஜா பின்னால் நிற்கிறார், முன்னால் நிற்கிறவன் மந்திரியா என்று கேட்கிறார்கள்.

"நல்லா விழுந்திருக்கு" என்று அவர் தனக்கு இரண்டு காப்பி கூடுதலாகச் சொன்னார். ராஜாதான் காசு கொடுக்க வேண்டும் என்பது அன்றைக்குப் புதிதாக வந்த கொள்கை.