சீனியர் அண்ணன்

அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி 3 வருஷப் படிப்பு. முதல் வருஷம் திட்டு வாங்க; கடைசி வருஷம் திட்ட; நடு வருஷம் பார்த்துப் பழகிக்கொள்ள. இதில் தங்கப் பதக்கத்துக்கே தகுதியானவர் நம் சீனியர் அண்ணன்.

ரவுண்ட்ஸில் சீஃப் முன்னால் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை "எஸ் சார்". சீஃப் படியிறங்கியதும் கேஸ் ஷீட் பறக்கும்.

"டிரெயின் டியூப்ல எவ்வளவுடா வடிஞ்சிருக்கு?"

"300 எம்.எல்., அண்ணா."

"300ஆ, 310ஆ?"

லேபில் மிஷின் ரிப்பேர் ஆனாலும் ஃபர்ஸ்ட் இயர்தான் பொறுப்பு. ரத்த வங்கிக்கு ஓடுவது, சி.டி. ஸ்கேனுக்குத் தேதி வாங்குவது, ராத்திரி பரோட்டா வாங்கி வருவது எல்லாமே அறுவை சிகிச்சைப் பயிற்சிதான். சால்னா குறைந்தால் ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ட்ரா டியூட்டி.

மாமியார் உடைத்தால் மண்குடம். அண்ணன் போட்ட தையல் பிரிந்தால், "பேஷன்ட்டுக்கு சுகர்". ஜூனியர் போட்டது பிரிந்தால், "நீயெல்லாம் எதுக்குடா சர்ஜரி எடுத்தே?"

பி.ஜி. மாணவர்களுக்கு நியாயமான வேலை நேரமும் ஓய்வும் தரவேண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதி. தொடர்ந்து 36 மணி நேரம் என்பது அண்ணனுக்கு நியாயமாகவே படுகிறது. அவர் 48 பார்த்தவர்.

ராத்திரி 2 மணி. ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் 6.2 என்று ரிசல்ட் வருகிறது. 5க்குள் இருக்கவேண்டியது, இப்படி ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். ஃபர்ஸ்ட் இயர் போனை எடுக்கிறார், வைக்கிறார். போன தடவை கூப்பிட்டதற்குக் கிடைத்த பதில்: "இதுகூடத் தெரியாம எப்படிடா எம்.பி.பி.எஸ். முடிச்சே?" தயக்கத்தில் பத்து நிமிஷம் கழிகிறது. ஜூனியர் திட்டுக்குத் தப்பிக்கிறார். விலை கொடுப்பது படுக்கையில் இருப்பவர். மருத்துவமனைகளில் இப்படி மிரட்டி நடந்துகொள்வது சிகிச்சைத் தவறுகளில் கொண்டுபோய் விடும் என்று அமெரிக்காவின் மருத்துவமனைத் தரச்சான்று அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2008இலேயே எச்சரித்துவிட்டது. அண்ணன் அதைப் படித்ததில்லை. பரீட்சைக்கு வராதே!

பரீட்சை நெருங்கினால் மட்டும் அண்ணன் உருகிவிடுவார். பிராக்டிகலுக்குக் கேஸ் பிடித்துத் தர ஜூனியர் வேண்டுமல்லவா? "தம்பி, சாப்டியாப்பா?" என்பார். திட்டைவிட இதுதான் ஜூனியருக்கு அதிகப் பீதி.

பாஸானதும் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: "திட்டினதெல்லாம் உங்க நல்லதுக்குத்தான் தம்பிகளா. இனிமே யூனிட்டை செகண்ட் இயர் பாத்துப்பான்."

முதல் கும்பிடு செகண்ட் இயரிடமிருந்து வரும். அடுத்த செய்தியும் அவருடையதே: "எவன்டா இன்னும் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதல?"