பெயர்ப்பலகைச் சீர்திருத்தம்

சீர்திருத்தத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அண்ணாமலை நகருக்கு வரலாம். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் 2021 ஜனவரியில் சுகாதாரத் துறையின் கைக்கு வந்தன. அதுவும் ஞானோதயத்தால் இல்லை. மற்ற அரசுக் கல்லூரியில் 13,610 ரூபாய், எங்களுக்கு மட்டும் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வருடம் 5.44 லட்சமா என்று மாணவர்கள் வாரக்கணக்கில் தரையில் உட்கார்ந்ததால். உடனே பலகை மாறியது: அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. இருப்பதோ சிதம்பரத்தில். பெயரை நம்பிக் கடலூரில் இறங்கும் நோயாளி இன்னும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

டில்லிக்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? 1947-ஆம் வருடச் செவிலியர் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் புதுச் சட்டம், அதில் புது ஆணையத்துக்கு ஏற்பாடு. பாடத்திட்டத்தில் செமஸ்டர், கிரெடிட், சிமுலேஷன் லேப். லேபில் ஒரு பொம்மையைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள் நின்று நாடி பார்ப்பார்கள். படித்து முடித்து வார்டுக்குள் நுழைந்தால் கணக்கு தலைகீழ். மருத்துவக் கல்லூரிப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் மன்றம் சொன்ன அளவு. எழுதினவர்கள் எந்த ஊர் வார்டைப் பார்த்து எழுதினார்களோ! நைட் டூட்டி சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் பாதியில் விட்டு ஓடுகிறார். "சிஸ்டர், ட்ரிப் தீந்துபோச்சு" என்று மூன்று பக்கமும் குரல். இன்டென்ட் புத்தகம் திறந்தபடி கிடக்கிறது. பொம்மைக்குக் கிடைக்கும் கவனிப்புக்கு மனிதன் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும்.

2015-இல் எம்.ஆர்.பி. என்னும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் தேறி வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கு அப்போது மாதச் சம்பளம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். அது எப்போது என்பதுதான் ரகசியம். சிதம்பரத்துக்காரர்களுக்கு ரகசியம் புதிதல்ல. ஆனால் கோயிலில் திரையை விலக்கினால் தங்க வில்வ மாலையாவது தொங்கும். இங்கே விலக்கினால் காலிப் பணியிடம் இல்லை என்ற பதில்தான் தொங்குகிறது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். போலீஸ் வந்தது, உயர் நீதிமன்றத் தடை வந்தது, நிரந்தரம் மட்டும் சொட்டுச் சொட்டாக. பி.எஸ்சி. நர்சிங் ஆறாவது செமஸ்டரில் தலைமைப் பண்பு ஒரு பாடம். பரீட்சையில் எழுதினால் மார்க். தெருவில் காட்டினால் போலீஸ் வேன்.

கொரோனாக் காலத்தில், 2020 மே 3-இல், ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரிகள் மேல் பூத் தூவினார்கள். கொரோனாவுக்கென்று எடுத்த ஒப்பந்தச் செவிலியர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31-ஓடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பூத் தூவியது டில்லி, கணக்கை முடித்தது சென்னை. மத்திய மாநில ஒத்துழைப்பு இவ்வளவு கச்சிதமாக வேறெதில் நடந்திருக்கிறது?

மே 12, செவிலியர் தினம், வந்தால் மெழுகுவர்த்தியைக் கொடுத்துச் செவிலியர்களை உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள். எடுக்கட்டும். மேடையில் மாலையோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் எழுந்து நின்று ஒன்று எடுக்கட்டும்: எனக்கு நெஞ்சுவலி வந்தால் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓட மாட்டேன், ராத்திரி ஒரே சிஸ்டர் இருக்கும் அரசுப் பொது வார்டில்தான் படுப்பேன்.